பஜ்ஜிக் கடை எண்ணெய் ஊற்றினால் மாடு சினை நிற்குமா?

செவலைக்காரன், கொடுங்கையூர்
ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாலு மாடு வைத்திருக்கிறேன். மூன்று ஜெர்சி கலப்பு, ஒன்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. பிரச்சினை செவலையால்தான். மூன்றாவது ஈத்து, கன்று போட்டு ஏழு மாதம் முடிந்துவிட்டது, மூன்று தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. சரியாக 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி பூரா கத்தினால் காலையில் மாடி வீட்டுக்காரர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவாவது இது சினை நின்றாக வேண்டும்.

எங்கள் மாமா சொல்கிறார், மாடு உள்ளே காய்ந்து கிடக்கிறது, கொழுப்பு ஏறினால்தான் பயிராகும் என்று. அவர் பேச்சைக் கேட்டு, தெருமுனை பஜ்ஜிக் கடையில் மிஞ்சுகிற எண்ணெயை டின்னோடு வாங்கி வந்து தினமும் கால் லிட்டர் தவிட்டில் கலந்து வைக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது. சினையும் நிற்கவில்லை, 9 லிட்டர் கறந்தது 7க்கு வந்துவிட்டது. பால் சொசைட்டியில் 4.1 சதவீதம் வந்துகொண்டிருந்த ஃபேட் இப்போது 3.2. எண்ணெய் ஊற்றினால் பாலில் ஃபேட் கூடத்தானே வேண்டும்? குறைகிறதே, இது எந்த ஊர் நியாயம்?

ஆயா வீட்டுப் பேரன், வியாசர்பாடி
ஞாயிறு, இரவு 10:40

அண்ணே, எண்ணெய் நல்லதுதான், நீங்கள் ஊற்றுகிற எண்ணெய்தான் தப்பு. எங்கள் ஆயா எருமை வைத்திருந்த காலத்தில் கன்று போட்ட அன்றைக்கே நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றிவிடும். மூன்றாம் மாதம் எருமை சினை. ஒரு தடவைகூடத் தப்பியதாக ஞாபகம் இல்லை. செக்கு நல்லெண்ணெய் வாங்கி ஊற்றிப் பாருங்கள், பஜ்ஜி எண்ணெயை மனுஷனே தின்னக்கூடாது.

மீன்பாடி, காசிமேடு
ஞாயிறு, இரவு 11:05

எனக்கு மாடு பற்றி ஒன்றும் தெரியாது, மீன் பற்றித் தெரியும். மீன் எண்ணெயில் ஒமேகா-3 இருக்கிறது, அது கருத்தரிக்க நல்லது என்று என் தங்கச்சிக்கே ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மத்தி வரத்து நன்றாக இருக்கிற நாளில் கழிவு கூடை கூடையாகச் சும்மா போகும். வேண்டுமானால் சொல்லுங்கள், கொண்டுவந்து போடுகிறேன்.

வேப்பேரி பழைய மாணவி
திங்கள், காலை 6:50

காலையிலேயே இந்தக் கேள்வியைப் பார்த்ததும் டீ ஆறிவிட்டது. நான் கால்நடை மருத்துவர், வேப்பேரி கல்லூரியில் படித்தேன், இப்போது வேறு ஊரில் வேலை. மாட்டைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன், தீனி பற்றி மட்டும் பேசலாம்.

செவலைக்காரன் அண்ணே, முதலில் எண்ணெயை இன்றைக்கே நிறுத்துங்கள். அப்புறம் நாலு விஷயம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எந்தத் தீனி எத்தனை கிலோ? சாணி எப்படி இருக்கிறது, கரைசலாகவா, கட்டியாகவா, அதில் ஏதாவது முழுசாக வருகிறதா? கத்துகிற நாளில் பின்னால் ஒழுகுகிற வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா, சீழ் கலந்து வெள்ளைத் திப்பி தெரிகிறதா? மாடு மெலிந்திருக்கிறதா, விலா எலும்பை எண்ண முடிகிறதா?

செவலைக்காரன், கொடுங்கையூர்
திங்கள், மதியம் 1:30

டாக்டர் அக்கா, நன்றி. தராசு வைத்து நிறுத்துப் பார்த்தேன், இத்தனை நாள் குத்துமதிப்பாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். செக்கு கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, பருத்திக்கொட்டை ஒன்றரை கிலோ ஊறவைத்து, செங்குன்றம் மில் தவிடு 2 கிலோ, மெஸ்ஸில் மிஞ்சுகிற சோறும் கஞ்சியும் ஒரு வாளி, எண்ணெய் கால் லிட்டர். வைக்கோல் மூன்று கிலோ இருக்கும், பச்சைப்புல் ஒரு கட்டு, அதாவது ஆறு கிலோ. வைக்கோல் விக்கிற விலையில் அதற்குமேல் முடியவில்லை. பால் வேண்டுமே என்று புண்ணாக்கிலும் கொட்டையிலும் குறை வைத்ததில்லை.

சாணி தோசைமாவு பதத்தில் இருக்கிறது, தரையில் விழுந்தால் தெறிக்கிறது. ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன், பருத்திக்கொட்டை அப்படியே முழுசாக, பஞ்சு ஒட்டிக்கொண்டு, ஒரு கைப்பிடிச் சாணியில் ஏழெட்டு இருந்தது. வழும்பு தெளிவாகத்தான் இருக்கிறது, கயிறு மாதிரி வால் வரைக்கும் தொங்கும். மாடு மெலிவு கிடையாது. விலா எலும்பு தெரியாது, வால் அடியில் இரண்டு பக்கமும் மெத்து மெத்தென்று சதை.

வேப்பேரி பழைய மாணவி
திங்கள், இரவு 9:15

சரி, கணக்குப் போடலாம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் சுமார் 10% தங்கிவிடும், அதனால்தான் அது கையில் பிசுபிசுக்கும். 2 கிலோவில் 200 கிராம். பருத்திக்கொட்டையில் 18% வைத்தால் ஒன்றரை கிலோவில் 270 கிராம். எண்ணெய் எடுக்காத மில் தவிட்டில் 12 முதல் 18% வரை இருக்கும், 14 என்று வைத்தால் 280 கிராம். கால் லிட்டர் எண்ணெய் 230 கிராம். மொத்தம் 980. உங்கள் செவலை தினமும் கிட்டத்தட்ட ஒரு கிலோ எண்ணெய் குடிக்கிறது அண்ணே. அது தின்கிற எல்லாத் தீனியிலும் தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் சுமார் 10 கிலோ உலர்பொருள்தான் வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு. மாட்டுக்கு 6, மிஞ்சிப் போனால் 7 சதவீதத்துக்குமேல் கொழுப்பு போகக்கூடாது. நீங்கள் பஜ்ஜி எண்ணெயை ஊற்றுவதற்கு முன்பே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள்.

கோடு எதற்கு என்று கேட்டால், மாட்டின் முதல் வயிறு ஒரு ஊறல் பானை மாதிரி. வைக்கோலை ஜீரணிப்பது மாடு இல்லை, அந்தப் பானையில் இருக்கிற நுண்ணுயிர்கள். கடலை எண்ணெய், பருத்தி எண்ணெய், தவிட்டு எண்ணெய் போன்ற இளகிய எண்ணெய்களில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அளவு மீறினால் நாரை உடைக்கும் பாக்டீரியாக்களுக்கு விஷம். நாரின் மேலும் எண்ணெய் படிந்துகொள்ளும். நார் செரிக்காது, மாடு குறைவாகத் தின்னும், சாணி கரையும்.

பால் ஃபேட் குறைந்ததும் அதே கதைதான். நுண்ணுயிர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அந்த எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி அதைக் கெட்டிக் கொழுப்பாக மாற்றப் பார்க்கும். எண்ணெய் அதிகமாகி, கூடவே சோறு கஞ்சியால் வயிறு புளித்து, நாரும் குறைந்தால் அந்த வேலை பாதியில் வழிமாறிவிடும். அப்போது உண்டாகிற சில விசித்திரமான கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் போய் மடியில் வெண்ணெய்ச் சத்து உருவாவதையே அடக்கிவிடும். அதனால்தான் வாய் வழியாக எண்ணெய் ஏற ஏற சொசைட்டி மெஷினில் ஃபேட் இறங்குகிறது.

பஜ்ஜிக் கடை எண்ணெய் தனிக் கேடு. திரும்பத் திரும்பக் காய்ந்ததில் ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போன பொருள்கள் சேர்ந்திருக்கும். மனிதர் உணவுக்கே மொத்தப் போலார் பொருள்கள் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்பதைக் காட்டும் அளவு) 25%க்குமேல் போன எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாட்டில் விதி இருக்கிறது. அந்தக் கழிவை மாட்டுக்கு ஊற்றினால் அதன் உடம்பில் இருக்கிற வைட்டமின் ஈ அதைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும். கருப்பைக்கும் சினைமுட்டைக்கும் வேண்டிய வைட்டமின் அது.

மில் தவிடு, செங்குன்றம்
திங்கள், இரவு 9:50

நம்ம ஊர் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. தவிடு அரைத்து வெளியே வந்த நிமிடத்திலிருந்து கெட ஆரம்பிக்கும், அதிலேயே இருக்கிற லிப்பேஸ் என்கிற நொதி எண்ணெயை உடைத்துக்கொண்டே இருக்கும். புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும், வேகவைத்ததில் அந்த நொதி செத்துவிடுவதால். பச்சரிசித் தவிட்டை மூட்டையில் பத்து நாள் வைத்துவிட்டு உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து மூக்கருகே கொண்டுபோங்கள், சோப்பு வாடையும் புளிப்பும் சேர்ந்து வந்தால் மாட்டுக்குக் காட்டாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு அள்ளிப் போட்டு வைப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். எண்ணெய் எடுத்த தவிடு தனியாகக் கிடைக்கும், அதில் எண்ணெய் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். உங்கள் மாட்டுக்கு இப்போதைக்கு அதுவே நல்லது.

தீவனக் கடை, மாதவரம்
செவ்வாய், காலை 8:20

எண்ணெயே வேண்டாம் என்று முடிவு கட்டாதீர்கள். சினை பிடிக்கக் கொழுப்பு வேண்டும், அது உண்மை. அதற்கென்றே பைபாஸ் கொழுப்பு வந்திருக்கிறது. பாமாயிலின் கொழுப்பு அமிலத்தோடு கால்சியத்தைச் சேர்த்துப் பொடியாகச் செய்தது, ஒரு மாதிரி சோப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வயிற்றில் கரையாமல் தாண்டிவிடும், நான்காம் வயிற்றின் அமிலம் பட்டதும் கால்சியம் தனி, கொழுப்பு தனி என்று பிரிந்து குடலில் சேரும். பானையில் இருக்கிற பூச்சிகளுக்குத் தொல்லை இல்லை. தினம் 150 கிராம் போட்டுப் பாருங்கள் அண்ணே. மாதவரம் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள்.

ஆயா வீட்டுப் பேரன், வியாசர்பாடி
செவ்வாய், காலை 8:45

வந்துவிட்டார் வியாபாரி. ஆயா கொடுத்த நல்லெண்ணெய் விஷம், கடைக்காரர் கொடுக்கிற சோப்பு மருந்து. நல்லா இருக்கிறது கதை.

தீவனக் கடை, மாதவரம்
செவ்வாய், காலை 9:02

தம்பி, நான் விற்கிறேன் என்பதால் பொய் ஆகிவிடுமா? நீயும் காசு கொடுத்துத்தான் செக்கு எண்ணெய் வாங்குகிறாய்.

வேப்பேரி பழைய மாணவி
செவ்வாய், இரவு 8:40

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, இரண்டு பேரும் செவலையை விட்டுவிட்டீர்கள்.

ஆயா செய்தது தப்பில்லை. கன்று போட்ட மாட்டுக்குப் பால் ஐந்தாறு வாரத்திலேயே உச்சத்துக்கு ஏறிவிடும், ஆனால் வயிறு அதே வேகத்தில் தின்னத் தொடங்காது, முழுத் தீனி எடுக்க இன்னும் ஒரு மாதம் பிடிக்கும். நடுவில் இருக்கிற பள்ளத்தை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து நிரப்பும். பள்ளம் ஆழமாக இருந்தால் மூளை சினைப்பைக்குத் தகவல் அனுப்புவதையே குறைத்துவிடும், முதல் பருவம் தள்ளிப்போகும், வந்தாலும் முட்டை சவலை. மாவுச்சத்தைவிடக் கொழுப்பில் இரண்டேகால் மடங்கு எரிசக்தி, அதனால் கொஞ்சம் கொழுப்பு அந்தப் பள்ளத்தில் கை கொடுக்கும். ஆயா ஊற்றியது ஒரு ஆழாக்கு, அதுவும் கன்று போட்ட சமயத்தில் சில நாள். வயிறு நிறைய வைக்கோலும் மேய்ச்சலும் இருந்த எருமைக்கு. அந்த அளவில் பானை கெடாது.

கொழுப்பின் வேலை எரிசக்தியோடு முடிவதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. கொழுப்பு சேர்த்த மாட்டின் ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறும். மனிதருக்கு அது பயமுறுத்தும் சொல், மாட்டுக்கு அது கச்சாப் பொருள், கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரான் அதிலிருந்துதான் தயாராகிறது. முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் மஞ்சள் கட்டி அதைச் சுரந்துகொண்டே இருக்கும். ஊசி போட்ட 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பை ஒரு கேள்வி கேட்கும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று. கரு தன் பங்குக்கு ஒரு புரதத்தை அனுப்பி, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். குரல் கேட்கவில்லை என்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருளை விட்டு மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும், 21ஆம் நாள் மாடு கத்தும், மாடி வீட்டுக்காரர் முறைப்பார். அந்தப் புரோஸ்டாகிளாண்டின் ஒமேகா-6 வகைக் கொழுப்பிலிருந்து உண்டாவது. ஒமேகா-3 கூடினால் அதன் உற்பத்தி கொஞ்சம் அடங்கும், சின்னக் குரல்காரக் கருவுக்கு இரண்டு நாள் கூடுதல் அவகாசம் மாதிரி.

அதனால் மீன்பாடி அண்ணன் சொன்னது வேடிக்கை இல்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழகக்காரர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் கன்று போடும் சமயத்தில் ஒமேகா-6 மிகுந்த குசும்பா எண்ணெய், அப்புறம் ஊசி போடும் காலத்தில் மீன் எண்ணெய், இரண்டையும் கால்சியம் சோப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். தங்கிய கரு கலைவது மீன் எண்ணெய் தின்ற மாடுகளில் குறைந்தது. ஆனால் அவை அமெரிக்க எச்.எஃப்., அந்த மாடுகள் கறக்கிற பாலுக்கு உங்கள் நாலு மாடும் சேர்ந்தால்தான் ஒன்றுக்குச் சமம். அங்கே கிடைத்த பலனை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கில், கொழுப்பு சேர்த்த மாடுகளில் ஊசிக்குச் சினை நிற்பது 27% கூடியதாக வந்தது. பெரிதாகத் தெரியும். 100 மாட்டில் 30 நின்ற இடத்தில் 38 நிற்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நல்ல விஷயம்தான், மந்திரம் கிடையாது.

இப்போது செவலைக்கு வருவோம். ஏழு மாதம் கறந்த மாடு, வாலடியில் மெத்துச் சதை. அது பள்ளத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அதற்கு பைபாஸ் கொழுப்பு போட்டால் கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம், கோபிக்காதீர்கள் மாதவரம் அண்ணே.

தீவனக் கடை, மாதவரம்
செவ்வாய், இரவு 9:20

கோபம் எதற்கு. ஏழு மாதம் என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை, வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கன்று போடுவதற்கு ஒரு பத்து நாள் முன்னால் ஆரம்பித்து, போட்டபின் மூன்று மாதம் வரைக்கும் கொடுக்கிற சரக்குதான் அது. ஒரு லிட்டர் பாலுக்கு 15, 20 கிராம் கணக்கு.

மீன்பாடி, காசிமேடு
செவ்வாய், இரவு 9:31

அப்போ நான் கழிவு கொண்டுவரலாமா, வேண்டாமா?

வேப்பேரி பழைய மாணவி
செவ்வாய், இரவு 9:48

வேண்டாம் அண்ணே. கூடையில் வெயிலில் கிடந்த மீன் கழிவில் கிருமியும் கெட்ட எண்ணெயும்தான் மிச்சம். நல்ல மீன் எண்ணெயே ஆனாலும் நேரடியாக ஊற்றினால் பால் ஃபேட் இன்னும் அடிவாங்கும், பாலில் வாடை வந்தால் செவலைக்காரனுக்கு வாடிக்கை போகும். ஒமேகா-3 வேண்டுமானால் பச்சைப்புல்லிலேயே இருக்கிறது. புல்லில் கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் இருப்பதில் பாதிக்குமேல் ஒமேகா-3 வகை. முதல் வயிற்றில் பெரும்பகுதி மாறிவிடும், மிச்சம் கொஞ்சம் தாண்டிப் போகும். புல் தின்கிற மாட்டுக்கு பீட்டா கரோட்டினும் சேர்ந்து கிடைக்கிறது, அது கருப்பைக்கு வேண்டியது.

செவலைக்காரன், கொடுங்கையூர்
புதன், காலை 6:15

அக்கா, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தது ஐந்து வாரம் முன்னால்தான். முதல் இரண்டு ஊசி அதற்கும் முன்னால் போட்டது. அதுவும் நிற்கவில்லையே, அதற்கு என்ன காரணம்?

வேப்பேரி பழைய மாணவி
புதன், காலை 7:05

இதைத்தான் நேற்றே எதிர்பார்த்தேன். எண்ணெய் இல்லாமலே உங்கள் தீனியில் கொழுப்பு ஏழு எட்டு சதவீதம், இரண்டு கிலோ புண்ணாக்கால் புரதமும் கூடுதல். மிஞ்சிய புரதம் ரத்தத்தில் யூரியாவாக ஏறினால் கருப்பைச் சூழல் கருவுக்கு ஒத்துவராது. கடலைப் புண்ணாக்கு பூஞ்சை பிடித்திருந்தால் அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு வேறு. இவ்வளவும் இருக்கலாம். இதில் ஒன்றுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஊசி எப்போது போட்டீர்கள்?

செவலைக்காரன், கொடுங்கையூர்
புதன், காலை 7:20

காலையில் ஐந்து மணிக்குக் கத்த ஆரம்பிக்கும். ஊசி போடுகிறவர் மறுநாள் பத்து, பதினொன்றுக்கு வருவார். அவருக்கு வேறு ஏரியாவும் இருக்கிறது.

வேப்பேரி பழைய மாணவி
புதன், காலை 7:26

முப்பது மணி நேரம்! அதற்குள் முட்டை வெளியே வந்துவிடும், விந்து தயாராகிப் போய்ச் சேர்வதற்குள் அது காலாவதியாகிவிடும் அண்ணே. காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. இது எல்லாருக்கும் தெரிந்த பாடம், ஆனாலும் இதில்தான் பாதி பேர் தோற்கிறார்கள். மூன்று ஊசியும் இப்படிப் போட்டிருந்தால் எண்ணெயைத் திட்டி என்ன பிரயோசனம்.

செய்ய வேண்டியது இது. எண்ணெய் நிறுத்தம். சோறு கஞ்சி வாளியைப் பாதியாக்கி அப்புறம் நிறுத்துங்கள். புண்ணாக்கு ஒரு கிலோ, பருத்திக்கொட்டை அரைக் கிலோ, தவிடு ஒரு கிலோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் படிப்படியாக. வைக்கோலை ஐந்து, ஆறு கிலோவுக்கு ஏற்றுங்கள், புண்ணாக்கில் மிச்சமாகிற காசில் வைக்கோல் வாங்கலாம். தாது உப்பு தினம் 50 கிராம். அடுத்த பருவத்தில் ஊசி போடுகிறவர் சாயந்திரமே வரமுடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள், முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அதற்குமுன் ஒரு மருத்துவரிடம் கருப்பையைக் கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படியும் ஒரே வாரத்தில் அதிசயம் நடக்காது, இன்று வெடிக்கிற முட்டை வளர ஆரம்பித்தே இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும்.

கிடா, எர்ணாவூர்
புதன், இரவு 10:10

இழையைக் கடத்துவதாக நினைக்க வேண்டாம். எனக்கு பதினெட்டு ஆடு, ஒரு கிடா. கிடாவுக்கு வீரியம் வரட்டும் என்று தினமும் பருத்திக்கொட்டை அரைக் கிலோ வைக்கிறேன். பொட்டு பொட்டென்று பெருத்துவிட்டான், ஆனால் இந்தத் தடவை ஆறு ஆடு சினை பிடிக்கவில்லை. இதற்கும் கொழுப்புக்கும் சம்பந்தம் உண்டா?

வேப்பேரி பழைய மாணவி
புதன், இரவு 10:32

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு. பருத்திக்கொட்டையில் எண்ணெயோடு காசிபால் என்று ஒரு நச்சுப்பொருள் உண்டு. பெரிய மாட்டின் வயிறு அதில் நிறையவற்றைக் கட்டிப்போட்டுவிடும், ஆனால் ஆண் விலங்குகளில் அது விந்தணுவையே தாக்கும். அரைக் கிலோ ஆட்டுக்கு மிக அதிகம், நிறுத்துங்கள். இன்னொன்று, பெருத்த கிடாவுக்கு விதைப்பையின் கழுத்திலும் கொழுப்பு சேரும். விதை உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும், நம்ம சென்னை வெயிலில் அது ஏற்கெனவே கஷ்டம். விந்தணு தயாராக இரண்டு மாதம் ஆகும், அதுவரை பொறுமை. ஆடுகளுக்கு, கிடா சேர்க்கிறதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து கொஞ்சம் கம்பு, சோளம் சேர்த்து வையுங்கள், மெலிந்த ஆட்டில் முட்டை கூடும்.

கிடா, எர்ணாவூர்
புதன், இரவு 10:40

அவனுக்கு இதைச் சொன்னால் தாங்க மாட்டான். நாளையிலிருந்து இலை தழைதான்.

செவலைக்காரன், கொடுங்கையூர்
ஐந்து வாரம் கழித்து, சனி, காலை 7:40

திரும்ப வந்தேன். சாணி இப்போது அடுக்கு அடுக்காக விழுகிறது, தெறிப்பது இல்லை. கொட்டையும் முழுசாக வரவில்லை. சொசைட்டி ஃபேட் நேற்று 4.0. பால் 8 லிட்டர். வைக்கோல் செலவு ஏறியது, புண்ணாக்குச் செலவு இறங்கியது, மொத்தத்தில் கையில் கொஞ்சம் மிச்சம்தான்.

நடுவில் ஒரு பருவம் வந்தது. காலை ஆறு மணிக்குக் கத்தியது, வேறு ஒருவரைக் கூப்பிட்டு சாயந்திரம் ஐந்தரைக்கு ஊசி. அவரே கை விட்டுப் பார்த்து கருப்பையில் கோளாறு இல்லை என்றார். நேற்று 21ஆம் நாள். ராத்திரி கொட்டகையிலேயே கட்டில் போட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு ஒரு சத்தம், அடித்துப் பிடித்து எழுந்தேன், கத்தியது எச்.எஃப்., அதுவும் தண்ணீர் தொட்டி காலி என்று. செவலை படுத்து அசைபோட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தது. இன்றும் கத்தவில்லை.

ஆயா வீட்டுப் பேரன், வியாசர்பாடி
சனி, காலை 8:05

அண்ணே, மாடி வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுங்கள்.

வேப்பேரி பழைய மாணவி
சனி, காலை 9:30

ஸ்வீட்டுக்கு அவசரம் வேண்டாம். கத்தாமல் ஊமையாகப் பருவத்துக்கு வருகிற மாடும் உண்டு, இன்னும் நாலைந்து நாள் வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். 60ஆம் நாள் கை விட்டுப் பார்த்தால்தான் உறுதி. எச்.எஃப். எப்போது கன்று போடுகிறது?

செவலைக்காரன், கொடுங்கையூர்
சனி, காலை 9:44

அடுத்த மாதம் கடைசியில். அதற்குத்தான் மாதவரம் அண்ணன் கடையில் ஐந்து கிலோ பைபாஸ் வாங்கி வைத்திருக்கிறேன், கன்று போட பத்து நாள் இருக்கும்போது ஆரம்பிக்கலாம் என்று. கேள்வி செவலைக்குக் கேட்டேன், பதில் எச்.எஃப்.க்குக் கிடைத்தது.

தீவனக் கடை, மாதவரம்
சனி, காலை 9:50

ஈரம் படாமல் வையுங்கள். முதல் இரண்டு நாள் வாடைக்கு மூஞ்சியைத் திருப்பும், தவிட்டில் பிசறி 50 கிராமிலிருந்து பழக்குங்கள்.

மீன்பாடி, காசிமேடு
சனி, காலை 10:20

எல்லாம் சரி, அந்த பஜ்ஜி எண்ணெய் டின் என்ன ஆனது?

செவலைக்காரன், கொடுங்கையூர்
சனி, காலை 10:31

கொட்டகை மூலையில் முக்கால் டின் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார், சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. உங்கள் வண்டிச் செயினுக்கு வேண்டுமா?

மீன்பாடி, காசிமேடு
சனி, காலை 10:33

ஏற்கெனவே மீன் வாடைக்கு நாலு பூனை பின்னால் வருகிறது. பஜ்ஜி வாடையும் சேர்ந்தால் ராயபுரம் தாண்ட முடியாது அண்ணே.